பக்கத்து நிலத்துல ஷெட்டு வருது, ஆட்சேபம் எப்படி எழுதறது?

விவசாய நிலத்துல தொழில் ஷெட்டு போடுறது, அதுக்கு ஊர்க்காரங்க எதிர்ப்பு தெரிவிக்கிறது, இதப் பத்தி ரெண்டு பக்கத்துல இருந்தும் லெட்டர் வந்துட்டே இருக்கு. எதிர்க்கிறவங்களும் எழுதுறாங்க, எதிர்ப்புல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களும் எழுதுறாங்க (ஒரே ஊர்க்காரங்களா இருந்தா நேர்லயே பேசிக்கலாம், எனக்கு வேலை மிச்சம்). அதனால இந்த தடவை மொத்த பக்கமும் இதுக்கே.

சார், எங்க தோப்புக்கு அடுத்த தோப்ப வாங்கினவர் தேங்காய் நார் மில்லு போடப்போறார். நிலப் பயன்பாட்ட மாத்த மனு போட்டுட்டார்னு ஊராட்சியில சொன்னாங்க. ஊரே கையெழுத்து போட்டு 'எங்க ஊருக்கு மில் வேண்டாம்'னு கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்திருக்கோம். நிக்குமா?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி பக்கம்

இப்ப இருக்குற மாதிரியே விட்டா நிக்காதுங்க. கையெழுத்து எத்தனைன்னு எந்த அதிகாரியும் எண்ணப்போறதில்ல, எண்ணினாலும் ஃபைல்ல "பொதுமக்கள் எதிர்ப்பு தெரிவித்துள்ளனர்"னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க. உங்க மனுவுல சர்வே நம்பர் இருக்கா? அந்த மில்லுல என்ன வேலை நடக்கப்போகுதுன்னு இருக்கா? அதனால உங்க கிணத்துக்கு என்ன ஆகும்னு இருக்கா? 'வேண்டாம்'னு மட்டும் எழுதினா அதுக்கு பதில் சொல்ற கடமை யாருக்கும் வராது, 'இந்த காரணத்தால இந்த பாதிப்பு வரும்'னு எழுதினா அத ஏத்துக்கணும் இல்ல ஏன் ஏத்துக்கலன்னு எழுதணும். பின்னாடி கோர்ட்டுக்கு போனா நீதிபதி தேடுறதும் அந்த பதிலத்தான்.

உங்க விஷயத்துல முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, மட்டையில இருந்து நார் பிரிக்கிறதோட நிறுத்திக்கிறாரா இல்ல பித்தும் (நார் பிரிச்சப்புறம் மிஞ்சுற நார்த்தூள்) கழுவப்போறாரா? ரெண்டும் ஒண்ணு கிடையாது. நார் பிரிக்கிறதுல தூசி வரும், மெஷின் சத்தம் வரும், மட்டை லோடு லாரி வரும், காத்தடிக்கிற பக்கம் இருக்குற மரத்து ஓலையில எல்லாம் பழுப்பா ஒரு படலம் படியும். தொந்தரவுதான், ஆனா ஷெட்ட மூடி, தூசிய பிடிச்சு, மட்டைய நனைச்சு வச்சா பெரிய அளவுக்கு குறைக்கலாம். பித்து கழுவுறது வேற கதை. வெளிநாட்டுல செடி வளர்க்க வாங்குறவங்க உப்பு கம்மியா, அதாவது இசி கம்மியா இருக்குற பித்துதான் கேக்குறாங்க, அதுக்காக நல்ல தண்ணிய ஊத்தி ஊத்தி அலசுவாங்க, அந்த உப்பும் சாயம் மாதிரி பழுப்பு நிறமும் வெளிய வர்ற தண்ணியில இருக்கும். அத மண்ணுல விட்டா கொஞ்சம் கொஞ்சமா இறங்கி பக்கத்து கிணத்துக்கு வந்து சேரும். டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்குற உப்போட அளவு, ஏறிடும். அதோட கழுவுறதுக்கு ஆகுற தண்ணியும் உங்க எல்லாருக்கும் பொதுவான அதே நிலத்தடியில இருந்துதான் எடுக்கணும்.

அதனால நீங்க இப்ப செய்ய வேண்டிய காரியம், மில்லு வர்றதுக்கு முன்னாடியே உங்க கிணறு, போர் தண்ணிய ஒரு நல்ல லேப்ல டெஸ்ட் பண்ணி தேதியோட ரிப்போர்ட் வாங்கி வைக்கிறது. இத யாரும் செய்யறதில்ல. அப்புறம் தண்ணி உப்பாயிடுச்சுன்னு போனா, "முன்னாடியே உப்பாத்தான் இருந்துச்சு"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. ரிப்போர்ட் காப்பிய புது மனுவோட இணைச்சு, உங்க ஃபிர்காவ (சில கிராமங்கள சேத்த வருவாய்ப் பகுதி) நிலத்தடி நீர் கணக்கெடுப்புல எந்த வகையில வச்சிருக்காங்கன்னு பாத்து (பாதுகாப்பானது, ஓரளவு அபாயம், அபாயம், அளவுக்கு மீறி எடுத்தது, இப்படி பிரிச்சிருப்பாங்க) அதையும் எழுதுங்க.

இன்னொண்ணு, நிலப் பயன்பாட்ட மாத்துறது ஒரு கதவுதான். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தோட இசைவு தனிக் கதவு, 1974 தண்ணீர் சட்டம், 1981 காற்று சட்டம் ரெண்டுலயும் தொழில் நிறுவ ஒரு இசைவு, நடத்த ஒரு இசைவு வாங்கணும். அதனால உங்க ஆட்சேபத்த கலெக்டருக்கு மட்டும் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துடாதீங்க, அதே காப்பிய வாரியத்தோட மாவட்ட ஆபீஸ்லயும், டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஆபீஸ்லயும், ஊராட்சியிலயும் கொடுத்து ஒவ்வொண்ணுக்கும் சீல் போட்ட ரசீது வாங்குங்க. ரசீது இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

எனக்கு ரெண்டு ஏக்கர் புன்செய் இருக்கு. போர்ல தண்ணி இல்ல, விவசாயம் செஞ்சு கடன்தான் மிச்சம். கொஞ்ச இடத்துல தறி போடலாம்னு பாத்தா ஊர்ல ஒத்துக்க மாட்டேங்குறாங்க. என் நிலத்துல நான் தொழில் பண்ண அவங்க யாரு?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

கோவம் புரியுது தம்பி. ஆனா "என் நிலம் என் இஷ்டம்"னு பேச ஆரம்பிச்சா சட்டம் உங்க பக்கம் நிக்காது. சொத்துரிமை இப்ப அடிப்படை உரிமை கிடையாது, 1978ல 44வது திருத்தத்துல அத அங்கருந்து எடுத்துட்டாங்க, 300ஏ பிரிவுல இருக்கு. சட்டப்படி இல்லாம உங்க சொத்த பிடுங்க முடியாது, ஆனா சட்டம் போட்டு எப்படி பயன்படுத்தலாம்னு கட்டுப்படுத்த முடியும். தமிழ்நாட்டுல அந்த சட்டம் 1971ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம்.

உங்க நிலம் ஏதாவது மாஸ்டர் பிளானுக்குள்ள (எந்த இடத்த எதுக்கு பயன்படுத்தலாம்னு அரசு போட்ட திட்டம்) வருதா இல்லையான்னு முதல்ல பாருங்க. உள்ள வந்தா, அந்த பிளான்ல விவசாய மண்டலம்னு போட்டிருந்தா, மண்டலத்தையே மாத்தணும், அது 32வது பிரிவு, மேல வரைக்கும் போய் வரணும், நாளாகும். பிளானுக்கு வெளிய இருக்குற சாதா கிராமம்னா 47-ஏ பிரிவும் அதுக்காக 2017ல போட்ட விதிகளும். உள்ளாட்சி அனுமதி கொடுக்கும், ஆனா டிடிசிபி இசைவு இல்லாம கொடுக்க முடியாது. நன்செய்யா இருந்தா கலெக்டரோட இசைவும் வேணும். உங்களுது புன்செய், அதுவே பாதி நிம்மதி.

இப்ப ஊர்க்காரங்க விஷயத்துக்கு வருவோம். தறின்னா அவங்க பயப்படுறது தறிய பாத்து இல்ல, ராத்திரி ஷிஃப்ட்ட பாத்து. நீங்களே யோசிங்க, பகல் முழுக்க டக்கு டக்குன்னு ஓடினா கூட பழகிடும், ராத்திரி பதினோரு மணிக்கு ஓடினா பக்கத்து வீட்டுல படிக்கிற பொண்ணு என்ன செய்யும். 2000ம் வருஷ ஒலி மாசு விதிப்படி குடியிருப்பு பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 10ல இருந்து காலையில 6 வரைக்கும் 45 டெசிபல்தான். வணிகப் பகுதின்னா 65ம் 55ம், தொழில் பகுதின்னா 75ம் 70ம். அதாவது நிலத்தோட வகை மாறும்போது பக்கத்துல இருக்குறவங்க சகிச்சுக்க வேண்டிய சத்தத்தோட அளவும் மாற வாய்ப்பிருக்கு. ஊர்ல யாராவது இத படிச்சிருந்தா எதிர்க்காம என்ன செய்வாங்க?

அதனால மனு போடுறதுக்கு முன்னாடி நீங்களே போய் பேசுங்க. எத்தனை தறி, எந்த நேரத்துல இருந்து எந்த நேரம் வரைக்கும், ஷெட்டோட திறந்த பக்கம் யார் வீட்ட பாத்து இருக்கும், நூல் வண்டி எந்த வழியா வரும், இத ஒரு பேப்பர்ல எழுதி மனுவுலயே சேத்துடுங்க, 'இரவு 9க்கு மேல் இயக்கமாட்டேன்'னு நீங்களே நிபந்தனையா கொடுத்தா, அனுமதியில அதையே எழுதச் சொல்லலாம். வாயால சொன்னா யாரும் நம்பமாட்டாங்க, நம்பவும் கூடாது. இதுக்கப்புறமும் ஒருத்தர் எதிர்த்தார்னா அவர் எதிர்ப்பு தறிக்கு இல்லன்னு அதிகாரிக்கே தெரிஞ்சிடும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. தோட்டத்துல இலவச விவசாய கரண்ட் இருக்கே, ரெண்டு தறிதானே, அதுலயே ஓட்டலாம்னு யாராவது ஐடியா கொடுப்பாங்க. கொடுக்குறவர் பில்லு கட்டமாட்டார். கொடுத்த காரியத்துக்கு இல்லாம வேற காரியத்துக்கு கரண்ட் எடுத்தா 2003 மின்சாரச் சட்டம் 126வது பிரிவுல கணக்கு போட்டு தீட்டிடுவாங்க. தனி கனெக்‌ஷன் வாங்குங்க.

"சிறுதொழில்தானே, சின்ன ஷெட்டுதானே, இதுக்கு ஏன் குதிக்கிறீங்க"ன்னு ஊராட்சித் தலைவர் கேக்குறார். என்ன பதில் சொல்றது?
– வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

'சிறு'ன்னு காகிதத்துல இருந்தா கண்ணுல சிறுசா இருக்கணும்னு இல்ல மேடம். 2025 ஏப்ரல் 1ல இருந்து மத்திய அரசு கணக்குப்படி மெஷினரி முதலீடு 2.5 கோடி வரைக்கும், விற்பனை 10 கோடி வரைக்கும் இருந்தா அது குறுந்தொழில். முதலீடு 25 கோடி, விற்பனை 100 கோடி வரைக்கும் போனாலும் அது சிறுதொழில்தான்! 25 கோடி ரூபா மெஷின் இறங்குற இடத்த 'சின்ன ஷெட்டு'ன்னு தலைவர் சொல்லுவாரா?

அதவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. நிலப் பயன்பாட்டு வகை மாத்துறது ஆளுக்கு இல்ல, நிலத்துக்கு. இன்னிக்கு மனு போடுறவர் ரொம்ப நல்லவரா இருக்கலாம், ஊர் கோயிலுக்கு மொத ஆளா நன்கொடை கொடுக்குறவரா இருக்கலாம், அஞ்சு வருஷம் கழிச்சு அவர் வித்துட்டு போயிட்டா வாங்குறவருக்கு அந்த வகை அப்படியே கிடைக்கும், அந்த வகையில என்னென்ன அனுமதிச்சிருக்கோ அத்தனையும் அவர் கேக்கலாம். அதனால 'இப்ப என்ன வைக்கப்போறார்'னு மட்டும் பாக்காம, 'இந்த வகைக்கு மாறினா 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகள்ல வேற என்னெல்லாம் வைக்கலாம்'னு பாத்து அதையும் ஆட்சேபத்துல எழுதுங்க. நீங்க சென்னை பெருநகர்ப் பகுதிக்குள்ள இருந்தா, அங்க வகை மாத்த மனு வந்தா பேப்பர்ல விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேக்குறது வழக்கம், சர்வே நம்பரும் கிராமப் பேரும் பொடி எழுத்துல இருக்கும், அத தலைவர் படிச்சு உங்களுக்கு சொல்லுவார்னு காத்திருக்காதீங்க. விளம்பரத்துல போட்டிருக்குற கெடுவுக்குள்ள எழுத்துல போயிடணும்.

மாசு கட்டுப்பாட்டு வாரியம் தொழில்கள மாசு அளவ பொறுத்து கலர் கலரா பிரிச்சு வச்சிருக்கு (பச்சைன்னா கம்மி, ஆரஞ்சுன்னா நடுத்தரம், சிவப்புன்னா அதிகம்), அதையும் ஒரு தடவை பாத்துக்கோங்க. 2016 பட்டியல்ல உலர் முறை மாவு மில்லு பச்சை, வண்டி சர்வீஸ் பண்ணி பெயின்ட் அடிக்கிற ஒர்க்‌ஷாப் ஆரஞ்சு, கல் கிரஷர் ஆரஞ்சு, தோல் பதனிடுறது சிவப்பு. வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன் பாக்க பாவமா இருக்கும், ஆனா ஆயிலும் கிரீஸும் கலந்த தண்ணி எங்க போகுதுன்னு யாராவது கேட்டா ஓனர் வாயே திறக்கமாட்டார். மாவு மில்லுக்கு ஊரக் கூட்டி போராட்டம் பண்ணி ஒர்க்‌ஷாப்ப விட்டுடுற ஊருங்கள நானே பாத்திருக்கேன்.

நாங்க தஞ்சாவூர் மாவட்டம். எங்க ஏரியா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தானே, அப்ப நன்செய்ல குடோன் கட்டவே முடியாதுன்னு சொல்றது சரியா?
– ஒரு வாசகர்

சரியில்லைங்க. 2020 பிப்ரவரியில வந்த அந்த சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், கடலூர் புதுக்கோட்டையில சில வட்டாரங்கள்னு டெல்டாவுக்கு போட்டது, ஆனா அது தடை பண்றது ஒரு குறிப்பிட்ட பட்டியல மட்டும்தான். எண்ணெய் எரிவாயு துளையிடுறது, ஸ்டீல் ஆலை, தாமிர உருக்காலை, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடுறது, எலும்பு கொம்பு பதப்படுத்துறது, கப்பல் உடைக்கிறது, இந்த மாதிரி. குடோன் அதுல இல்ல. அத காட்டி எதிர்த்தீங்கன்னா முதல் விசாரணையிலயே உங்க மனு அடிபட்டு போகும், கூட இருக்குற நல்ல காரணத்தையும் அது இழுத்துட்டு போகும்.

நல்ல காரணம் உங்க கிட்ட இருக்கு, லெட்டர்ல கடைசி வரியில போட்டிருக்கீங்க, "லாரி லாரியா கிராவல் அடிச்சு மேடாக்கிட்டார்"னு. அததான் முதல் வரியில எழுதணும்! வயல் ஒண்ணு மேடானா மேல்வயல் தண்ணி வடிய வழியில்லாம நிக்கும், சம்பாவுல ஒரு பெரிய மழை வந்தா பயிர் அழுகிடும், கீழ்வயலுக்கு பாயுற தண்ணியும் நின்னுடும். மேல இருக்குற நிலத்து தண்ணி இயல்பா கீழ வடியறதுக்கான உரிமை 1882 வசதியுரிமைச் சட்டத்துலயே இருக்கு. எஃப்எம்பி, அதாவது நிலத்தோட அளவு வரைபடம், எடுத்து பாருங்க, அந்த இடத்துல வாய்க்கால் புறம்போக்கு ஓடுதான்னு தெரிஞ்சிடும், ஓடிச்சுன்னா அது அவர் நிலமே கிடையாது. கிராவல் அடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ யார் கிட்டயாவது இருந்தா தேடி எடுங்க, இப்ப நிக்குற நிலைய தேதி தெரியுற மாதிரி எடுத்து விஏஓவுக்கும் நீர்வளத்துறை பிரிவு ஆபீஸுக்கும் கொடுங்க. குடோன் வர்றதோ வராததோ அப்புறம், தண்ணி வழிய முதல்ல விடச்சொல்லுங்க.

கிராம சபையில தீர்மானம் போட்டுட்டா போதுமா?
– ஒரு இளைஞர், மதுரை மாவட்டம்

தீர்மானம் மட்டும் போட்டு ஜெயிச்சுட முடியாது தம்பி, ஆனா போடாம விடவும் கூடாது. வருஷத்துக்கு 6 கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகைய பொறுத்து கோரம், அதாவது குறைஞ்சபட்சம் இத்தனை பேர் வரணும்னு கணக்கு, இருக்கு, 500 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 50 பேர், 3000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல 300. இருபது பேர் உக்காந்து போட்ட தீர்மானம்னா எதிர் தரப்பு வக்கீல் வருகைப் பதிவேட்ட கேட்டு ஒரே நிமிஷத்துல கிழிச்சிடுவார்.

'மில் வேண்டாம்'னு ஒரு வரியில தீர்மானம் போடாதீங்க, காரணத்தையும் சர்வே நம்பரையும் தீர்மானத்துக்குள்ளயே எழுதச் சொல்லுங்க, மினிட்ஸ் காப்பி வாங்காம எழுந்திரிக்காதீங்க. மனு போட்டவரையும் கூப்பிட்டு பேச விடுங்க. அவர் "கழிவுத் தண்ணிய வெளிய விடமாட்டேன்"னு சபையில சொன்னா அதுவும் மினிட்ஸ்ல ஏறும், நாளைக்கு உங்களுக்கே அதுதான் ஆயுதம்.

நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவன். ரோட்டோர சொந்த நிலத்துல டிராக்டர் ரிப்பேர் பட்டறை போட அனுமதி கேட்டேன். "விவசாய நிலம் பாழாகுது"ன்னு ஊர்ல எதிர்க்கிறாங்க. அதே ரோட்டுல அவங்க ஆளுங்க ஷெட்டு ஏற்கெனவே ரெண்டு ஓடுது. மளிகைக் கடையில சாமான் தர மாட்டேங்குறாங்க.
– பெயர் வேண்டாம்

இத ஆட்சேபம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதே ரோட்டுல இருக்குற மத்த ரெண்டு ஷெட்டுக்கு பாழாகாத மண்ணு உங்க ஷெட்டுக்கு மட்டும் எப்படி பாழாகும்?

முதல்ல ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 10 ரூபா கட்டணம், 30 நாளுக்குள்ள பதில் வரணும். அந்த ரெண்டு ஷெட்டோட சர்வே நம்பரும் கொடுத்து, அதுக்கு நிலப் பயன்பாடு மாத்தின உத்தரவு, கட்டட அனுமதி, வாரிய இசைவு, ஊராட்சி லைசென்ஸ் காப்பி கேளுங்க, அப்ப ஊராட்சி என்ன ஆட்சேபம் பதிவு பண்ணுச்சுன்னும் கேளுங்க. அந்த பதில உங்க ஃபைலோட சேத்துட்டா, 'அவங்களுக்கு கொடுத்தீங்க எனக்கு ஏன் இல்ல'ன்ற கேள்விக்கு அதிகாரி எழுத்துல பதில் சொல்லியாகணும். உங்க பக்கத்த சுத்தமா வச்சுக்கோங்க, டிராக்டர் ரிப்பேர்ல பழைய ஆயில் நிறைய வரும், அத டிரம்ல பிடிச்சு அங்கீகாரம் வாங்கின ஆளுக்குத்தான் கொடுப்பேன்னு மனுவுலயே எழுதிடுங்க, அத வச்சு யாரும் உங்கள பிடிக்கக்கூடாது.

மளிகைக் கடை விஷயம் தனி. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல, 2015 திருத்தத்துக்கு அப்புறம், தனிக் குற்றம். தொழில் பண்ண விடாம தடுக்குறதும், சொந்த நிலத்த அனுபவிக்க விடாம குறுக்க வர்றதும் அதே சட்டத்துல இருக்கு. நிலப் பயன்பாட்டு ஃபைல் முடியட்டும்னு இதுக்கு காத்திருக்க வேண்டாம். என்னிக்கு, எந்தக் கடை, யார் என்ன வார்த்தை சொன்னாங்க, கூட யார் இருந்தாங்கன்னு எழுதி வச்சு போலீஸ்ல புகார் கொடுங்க, வாங்க மறுத்தா எஸ்பிக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல வக்கீல் உதவி இலவசமா கிடைக்கும்.

மத்த வாசகர்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கிறேன். ஆட்சேப மனுவுல கையெழுத்து கேட்டு யாராவது வீட்டுக்கு வந்தா, இதே ஆட்சேபத்த அந்த ரெண்டு ஷெட்டு வந்தப்ப எழுதினீங்களான்னு அவர கேட்டுட்டு அப்புறம் பேனாவ எடுங்க.

அனுமதியே வாங்காம வேலை ஆரம்பிச்சுட்டாங்க, சுவர் எழும்பிட்டு இருக்கு. என்ன பண்றது?
– அவசரமா எழுதின வாசகி, கோவை

லெட்டர் போட்டு பதிலுக்கு காத்திருந்தது தப்பு மேடம், கான்கிரீட்டே போட்டிருப்பாங்க. அனுமதி இல்லாத கட்டுமானத்த நிறுத்தச் சொல்ல 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல 57வது பிரிவு இருக்கு, அகற்றச் சொல்ல 56 இருக்கு. இந்த ரெண்டு நம்பரையும் போட்டு டிடிசிபிக்கும் ஊராட்சிக்கும் மனு கொடுங்க, திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர் கிட்டயும் கொடுங்க, 1100க்கு போன் பண்ணி முதல்வரின் முகவரிக்கும் பதிவு பண்ணுங்க, நம்பர் கொடுப்பாங்க, எழுதி வைங்க. தினம் ஒரே இடத்துல நின்னு ஒரு போட்டோ எடுங்க. நடவடிக்கை இல்லன்னா அந்த ரசீதெல்லாம் எடுத்துக்கிட்டு ஹைகோர்ட்டுல ரிட் போடலாம். தண்ணி, காத்து மாசு ஆகுதுன்னா சென்னையில இருக்குற பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வுக்கும் போகலாம், ஆனா அங்க பிரச்சனை ஆரம்பிச்ச நாள்ல இருந்து 6 மாசம்தான் கெடு, அதுக்கு மேல 60 நாள் காரணம் சொல்லி கேக்கலாம், அவ்வளவுதான். இத படிச்சு முடிச்சதும் கிளம்புங்க.